டிஷ்ஷில் தொங்கிய குக்கர்

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எல்லோரும் சேர்ந்து மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்று வைத்தோம். அதைத் திருப்ப ஒரு மோட்டார். கிழக்கே சாய்த்தால் ஹிந்தியும் கிரிக்கெட்டும். தெற்கே நிமிர்த்தினால் தமிழ். தமிழுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். பகல் முழுக்க ஆபீசில் ஹிந்தியிலேயே தலையாட்டிவிட்டு வருகிற எனக்கு அது சோறு மாதிரி.

அடுத்த வருடமே தமிழ் சேனலில் மட்டும் படம் ஆட ஆரம்பித்தது. காற்றடித்தால் செய்தி வாசிக்கும் பெண்ணின் முகமே தெரியாது, திரை முழுக்கப் பொரி மாதிரி வெள்ளைப் புள்ளிகள். எங்கள் கட்டடத்தின் செயலாளரான கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"மேடம்ஜி, என் சேனல் பாருங்க, கண்ணாடி மாதிரி. உங்க மதராஸி சேனலே அப்படித்தான்," என்றார் ஹிந்தியில். "திருப்பித் திருப்பி மோட்டாரும் கெடுது. அடுத்த மாசத்திலேர்ந்து தமிழ் பந்த். அட்ஜஸ்ட் கரோ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கிவிட்டு ஃபைல் தள்ளுகிறேனே, இதற்கு மேல் என்ன அட்ஜஸ்ட் செய்வது? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடி ஏறினேன்.

டிஷ் தெற்கே நின்றிருந்தது. விளிம்பைப் பிடித்து ஆட்டினேன். மோட்டார் அசையவில்லை, டிஷ் மட்டும் இரண்டு விரற்கடை ஆடியது. மூடியைக் கழற்றினால் கிரீஸில் பித்தளைப் பொடி மின்னியது. கியரின் பற்கள் தேய்ந்து நடுவே இடைவெளி விழுந்திருந்தது. கிழக்கே சாயும்போது டிஷ்ஷின் கனமே பற்களை ஒரு பக்கமாக அழுத்திவிடுகிறது, அதனால் ஆட்டம் தெரிவதில்லை. நிமிர்ந்து நின்றால் கனம் எந்தப் பக்கமும் இல்லை; காற்று இஷ்டத்துக்கு ஆட்டுகிறது. கோளாறு கியரில்தான், தமிழில் இல்லை என்று அவரிடம் போய்ச் சொன்னேன். புதுக் கியருக்குப் பணமில்லை என்று கைவிரித்தார்.

பரணில் கிடந்த பழைய பிரஷர் குக்கரில் மணலை நிரப்பி, டிஷ்ஷின் கிழக்கு விளிம்பில் கட்டித் தொங்கவிட்டேன். பற்கள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டன. அன்று செய்தி வாசித்த பெண்ணின் மூக்குத்திகூடத் தெரிந்தது.

"சர்க்காரி பில்டிங்ல குக்கரா? ஜல்தி கழட்டுங்க!" என்று கத்தினார் செயலாளர்.

"முடியாது. வேணும்னா நீங்க கழட்டுங்க, பார்க்கறேன்."

அவர் ஏறவில்லை. அடுத்த மாதமும் சாயங்காலமானால் மாடிப்படியில் இருந்த பட்டனை நானே போய் அழுத்தினேன். தடுக்க யாரும் வரவில்லை.

தேய்ந்த பல் சும்மா இருக்குமா? மேலும் தேய்ந்தது. மே மாதப் புழுதிக்காற்றில், கிரிக்கெட் மேட்ச் நடுவே, டிஷ்ஷின் கனத்தையும் மீறி ஹிந்திப் பக்கமும் ஆடியது. அவர் மூச்சிரைக்க என் வாசலுக்கு வந்தார்.

"மேடம்ஜி, பந்தே தெரியல! என்ன ஆச்சு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

"உங்க சேனலே அப்படித்தான் போலிருக்கு, ஜி. அட்ஜஸ்ட் கரோ."

அந்த வாரமே புதுக் கியருக்குப் பணம் கிடைத்தது. நானே பொருத்தினேன். இனிமேல் குக்கர் தேவையில்லை என்று எனக்கும் தெரியும், அவரிடமும் சொன்னேன். ஆனால் நான் அதைக் கழற்றவில்லை.