நடுவே காணாமற்போன நான்கு விண்மீன்கள்

தொலைவான் பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வானம் பார்க்கும் அன்பர் சிலர் என் குறிப்புகளை நம்புகின்றனர். இந்நகர வெளிச்சத்திலும் எது புலப்படும், எது புலப்படாது என்று பல்லாண்டுகளாக நான் எழுதி அனுப்பியவை அவை. அவற்றுள் ஒரு பகுதியை இனி நம்பலாகாது. இதை எழுதிவைப்பதன் காரணம் அதுவே.

நாங்கள் பயன்படுத்துவது ‘எம்’ (M) என்னும் ஆங்கில எழுத்தோடு எண்ணிடப்பட்ட பட்டியல்: விண்மீன் கொத்துகள், ஒளிமுகில்கள், விண்மீன் மண்டலங்கள் என நூற்றுப்பத்துப் பொருள்கள். மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து அவற்றுள் பெரும்பாலானவை வெறும் மங்கல். மங்கலைக் காண ஒரு வழக்கம் உண்டு. பொருளை நேரே நோக்காமல் பார்வையைச் சற்று விலக்கினால், விழியின் ஓரம் அதைப் பிடித்துக்கொள்ளும். தொலைநோக்கியில் எப்போதும் வலக்கண்ணை வைப்பவன் நான். அக்கண் நேராகப் பார்ப்பதையே மறந்திருந்தது.

கடந்த சில பருவங்களாகக் கொத்துகளின் நடுப்பகுதி எனக்கு வறிதாகத் தோன்றியது. ‘நடுவே ஒளி குன்றியது’ என்று எழுதினேன். எதிரே எழும்பிய அடுக்ககத்தின் விளக்குகளைக் குறை சொன்னேன். கடற்காற்றின் ஈரம் வில்லையில் படிந்ததென்றேன். நாளிதழை இரு கண்ணாலும் படிப்பதால் அங்கே குறையேதும் தெரியவில்லை.

சென்ற மாசியில், பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில், சாந்தோமிலிருந்து நண்பர் வந்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் காபியை விட்டுவிடுவார். அந்நாள்களில் பேச்சில் காரம் கூடும். ஓரியன் கூட்டத்து ஒளிமுகிலான எம் 42-ஐ நோக்கினோம். அதன் நடுவில் நான்கு சிறு விண்மீன்கள் நெருங்கி நிற்கும்.

“நாலும் பளிச்சுனு நிக்குது சார். வாங்க, பாருங்க.”

பார்த்தேன். முகில் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

“புகைதான் தெரியுது. நாலையும் காணோம். எல்லாம் அந்த விளக்குகளோட வேலை.”

“விளக்கு எப்போ சார் கட்சி மாறிச்சு? வெளிச்சம் ஜாஸ்தியானா முதல்ல புகைதானே போகணும்? நட்சத்திரத்தை மட்டும் பொறுக்கித் தின்னுமா?”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவருமே நிறுத்திவிட்டோம். நகரொளி மங்கலையே முதலில் விழுங்கும் என்பதை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன்.

“இடது கண்ணை வைங்க சார்.” குரலில் கேலி இல்லை.

வைத்தேன். நான்கும் இருந்தன. மீண்டும் வலக்கண், இல்லை. எதிர் அடுக்ககத்தின் உச்சியில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு அதை நேரே நோக்கினேன். விளக்கு மறைந்தது. பார்வையை விலக்கினேன், எரிந்தது.

கீழே இறங்கியதும், “என்ன, இவ்வளவு சீக்கிரம்? மேகமா?” என்றாள் மனைவி.

“ஆமா,” என்றேன்.

அடையாற்றில் கண் மருத்துவர், வலது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார். ஊசி போட்டு மேலும் பரவாமல் தடுக்க முயலலாம், போனது மீளாது. “இவ்வளவு நாளா எப்படிங்க தெரியாம இருந்தீங்க?” என்று வியந்தார். நேரே பாராமலிருக்கப் பழகியிருந்தேன் என்று சொன்னால் அவருக்கு விளங்கியிராது.

இடக்கண்ணுக்கும் அது வரக்கூடுமாம். கட்டங்கள் வரைந்த தாள் ஒன்று தந்தார். காலைதோறும் அதன் நடுப்புள்ளியை இடக்கண்ணால் மட்டும் நோக்கவேண்டும். கோடுகள் நெளிந்தால் உடனே வரவேண்டும். இன்று காலை ஒரு கோடு சற்றே வளைந்தாற்போல் இருந்தது. தாள் மடிந்த இடமாக இருக்கலாம். நீவிவிட்டுப் பார்த்தேன். மீண்டும் நீவினேன். மருத்துவரிடம் நாளைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.

அன்பர்கள் என் குறிப்புகளில் ‘நடுவே ஒளி குன்றியது’ என வரும் இடங்களையெல்லாம் நேரே பார்த்துத் திருத்துமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரையிலும் பிழை இருப்பின் எழுதுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.