வாய்க்காலாக்கப்பட்ட சாலையும் என் சைக்கிள் கடையும்

1973 ஜூன் 11 அன்று காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் கீழப்பாதிரங்குடியின் ஒரே சாலையை மூன்றடி ஆழத்துக்குத் தூர் வாரினார்கள் என்பது என் குற்றச்சாட்டு. சாலையைத் தூர் வாரச் சொல்லும் சட்டம் எதையும் நான் படித்ததில்லை.

மனுதாரர் மருதையன், வயது நாற்பத்தொன்று, பண்ணையாள் மகன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. மீதியைப் பொட்டலம் கட்டி வந்த பழைய அரசிதழ்களில் படித்துக்கொண்டேன். பண்ணை வாசலில் போய் நிற்காமல் பிழைக்க என்னிடம் இருப்பவை ஆறு வாடகை சைக்கிள்கள். அவை ஓடச் சாலை வேண்டும்.

ஒன்றியச் சாலையைப் பராமரிப்பது ஒன்றியத்தின் பொறுப்பு என்று சுட்டிக்காட்டி நான்கு ஆண்டுகளில் பதினேழு மனுக்கள் அனுப்பினேன். பதில் இல்லை. பதினெட்டாவதற்கு வலு சேர்க்கக் கர்ணத்திடம் கிராமக் கணக்கின் நகல் வாங்கி இணைத்தேன். அதில் சாலையின் சர்வே எண்ணுக்கு நேரே ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருந்தது. பழைய வாய்க்காலைத் தூர்த்துத்தான் சாலை போட்டார்கள் என்பது ஊரறிந்தது. ஆகவே நான் பொருட்படுத்தவில்லை. அது என் பிழை.

மனு வாய்க்கால் பிரிவுக்குப் போய்விட்டது. மேட்டூர் அணை திறப்பதற்கு முதல்நாள் முப்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். தடுத்தேன். ஓவர்சியர் கோவிந்தராசு என் மனுவையே எடுத்து நீட்டினார்.

“மேடும் பள்ளமுமா இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? மேடு ஒண்ணு விடாம எடுத்தாச்சு.”

“இது ரோடுங்க.”

“ரெக்கார்டுல வாய்க்கால்னா வாய்க்கால்தாங்க. மேல கப்பியைக் கொட்டினா ரோடாயிடுமா?”

பத்து நாளில் தண்ணீர் வந்தது. கடை வாசலில் எருமைகள் குளிக்கின்றன. “அண்ணே, சைக்கிளுக்குத் துடுப்பு வச்சாச்சா?” என்று எதிர்க்கரைத் தங்கம்மாள் நாள்தோறும் விசாரிக்கிறார். அந்தத் தண்ணீரை நம்பிக் கீழ்மடைச் செல்லதுரை குறுவை நட்டுவிட்டார். மூடக்கூடாது என்று அவரும் மனு எழுதுகிறார். ஆதாரத்துக்கு என் பதினெட்டாவது மனுவின் நகலைக் கேட்டார். கேட்டவருக்கு நகல் தருவது என் வழக்கம். தந்தேன்.

சாலையை வெட்டிய நாள் முதல் ஒரு சைக்கிளும் வாடகைக்குப் போகவில்லை. நேற்றுப் பண்ணைக் காரியக்காரர் வந்து நின்றார். “தண்ணிதான் உன் வாசலுக்கே வந்துடுச்சே, மருதையா. நாளையிலேருந்து நடவுக்கு வந்துடு.”

நான் போகவில்லை. எத்தனை நாள் போகாமலிருக்க முடியும் என்பது ஒன்றிய ஆணையர் அவர்கள் கையில் இருக்கிறது.

அது சாலையா, வாய்க்காலா? சாலையெனில் பள்ளத்தை மூடும் தேதியையும், வாய்க்காலெனில் என் கடைக்கு மக்கள் வரச் சட்டப்படியான வழியையும், பதினைந்து நாட்களுக்குள் கையொப்பம், முத்திரையுடன் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். ஓவர்சியர் நேரில் வந்து சொல்வது பதிலாக ஏற்கப்படாது.