கொட்டகையில் கூப்பிட்ட பெயர்

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆட்டமும் பாட்டும் நிறைந்த இங்கிலீஷ் படம், காதல் படம், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் படம் என்று சொன்னார்கள். பார்த்தவர்கள் ஒரு மாதம் அதையே பேசினார்கள். நான் பாதிதான் பார்த்தேன். அந்தப் பாதியில் எனக்கு நினைவிருப்பது ஒரு கப்பல், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன், தரையில் கால் படாத மாதிரி ஆடிய ஒருத்தி, நனைந்துகொண்டே இருந்த என் ரவிக்கை. அவ்வளவுதான்.

யுத்த காலம். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். என் கணவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நான் கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பிறந்த வீட்டில் மகளைப் பெற்று, மூன்று மாதம் கழித்து டவுனுக்குக் குடித்தனம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாசலைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் எல்லா வீதியும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ராஜ வீதி, அப்புறம் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி. எது மேல வீதி, எது கீழ வீதி என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, இருபதாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தி, மறுநாள் போய்விட்டது. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதனால் மகள் ஒரு வேளை குடிக்கத் தாமதித்தாலும் எனக்குக் கை கால் ஓடாது. அவளோ என்னிடம் தவிர வேறு எதிலும் குடிக்க மாட்டாள். பாலாடைச் சங்கில் பசும்பாலை ஊற்றி வாயில் வைத்தால் துப்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவளைத்தான் என் கணவர் சினிமாவுக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லோரும் குடும்பத்தோடு போகிறார்களாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். இங்கிலீஷ் படத்தில் பிள்ளை அழுதால் மானம் போகும் என்றார். வரவில்லை என்றேன். "எல்லார் வீட்டுலயும் வாராங்க. நீ வரலைன்னா, பட்டிக்காட்டுப் பொண்ணைக் கட்டிட்டு ஒளிச்சு வச்சிருக்கான்னு பேசுவாங்க" என்றார். மாமியாரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "போயிட்டு வா ஆத்தா, ரெண்டு மணி நேரந்தானே. நான் பாத்துக்கிறேன்." என்னைக் கேட்பது போலக் கேட்டு, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பகல் ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கொட்டகைக்குப் போகும்போது அவர் நாலு அடி முன்னால் நடந்தார், நான் பின்னால். வாசலில் அவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர், அதன் மேல் ஒரு படுதா.

என் பக்கத்தில் டிராயிங் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்தார். திருவரங்குளத்துக்காரர். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் கதை முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் யுத்தச் செய்திப் படம் ஓடியது. பிறகு மிஷின் நின்றது. விசில் அடித்தார்கள். மறுபடி ஓடியது. ஒரு வழியாகப் படம் தொடங்கும்போதே நாலு மணி இருக்கும்.

கப்பல் மேல்தட்டில் அந்தக் கோட்டுக்காரன் ஒருத்தியைக் கேலி செய்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பாடினான். அவள் அவன் தொப்பியைக் கடலில் எறிந்தாள்.

"அத்தை மகதான்" என்றார் டிராயிங் மாஸ்டர் மனைவி. "மொறை இல்லாமயா இப்படிக் கேலி பண்ணுவான்? அந்தா, பெரிய மீசை வச்சு நிக்கிறாரே, அவரு தாய்மாமன். பாருங்க, அவருதான் தடுக்கப் போறாரு."

மீசைக்காரர் தடுக்கவும் செய்தார். பின்வரிசைப் பெண்கள் இதன் பிறகு எல்லாவற்றையும் இவரிடமே கேட்டார்கள். படுதாவுக்கு அங்கிட்டு வாத்தியார்கள் சிரிப்பார்கள். அதைக் கேட்டு இங்கிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கப்பலில் முந்நூறு பேர் இருந்தார்கள், ஒரு கைக்குழந்தை கூட இல்லை. ஒருத்திக்கும் வீட்டில் வேலை இல்லை. உடுப்பு மாற்றுவதும் ஆடுவதும்தான் வேலை. எனக்கு மார்பு கல்லாகிக் கட்டிவிட்டது. கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டேன். அப்படியும் பால் கசிந்தது. முந்தானையை இழுத்து மூடினேன், அதுவும் நனைந்தது. உட்கார முடியவில்லை. ஒரு காலை மடக்குவேன், மறு காலை நீட்டுவேன். மகள் இப்போது அழுதுகொண்டிருப்பாள் என்று உடம்பே சொன்னது.

இடைவேளையில் ஆண்கள் எல்லோரும் வெளியே போய்ச் சோடா குடித்துவிட்டுத் திரும்பினார்கள். என் கணவர் எங்கள் பக்கம் தலையைக் கூடக் காட்டவில்லை. விளக்கு அணையும் நேரத்தில் முறுக்கு விற்பவர் இரண்டு பக்கமும் போய் வந்தார். நரைத்த மீசை, தலையில் துண்டு. அவர் கையில் சமஸ்தானத்துச் சில்லறையான ஒரு அம்மன் காசை வைத்து, அங்கிட்டு வாத்தியார்கள் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் இருப்பார், பிள்ளைக்குப் பசி, வீட்டுக்குப் போக வேண்டும், வெளியே வரச் சொல்லுங்கள் என்றேன்.

"பேரு என்னம்மா?"

நான் எப்படிச் சொல்வது? புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கூட மாமியார்தான் சொல்வார். "வாத்தியாருங்க, கண்ணாடி போட்டவரு" என்று திரும்பவும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தார். "படம் முடியட்டும், பேசாம உக்காந்திருக்கச் சொன்னாரும்மா."

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. முதல் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்தவர் அவர்தான். அந்த மனிதர் இப்படிச் சொல்வார் என்று என்னால் நம்ப முடியவில்லை. என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன்.

"மூக்குப்பொடி போட்டுக்கிட்டிருந்தாரு."

என் கணவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் கிடையாது. பக்கத்தில் டிராயிங் மாஸ்டர் மனைவி பெருமூச்சு விட்டார். "அது எங்க வீட்டுக்காரரு. கண்ணாடியும் போட்டிருப்பாரு, பொடியும் போடுவாரு. நான் கூப்பிட்டதா நெனச்சு எனக்குச் சொன்ன பதில் அது. இருக்கட்டும், வீட்டுக்குப் போயி வச்சுக்கிறேன்."

என் கணவர் பெயரை நீங்களாவது சொல்லி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "எனக்கு எங்க தெரியும்? எங்க வீட்டுல இங்கிலீஷ் வாத்தியாருன்னுதானே சொல்வாரு" என்றார். சரி, இங்கிலீஷ் வாத்தியார் என்றாவது சொல்லி அனுப்பலாம் என்று திரும்பிப் பார்த்தேன். முறுக்குக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். தனியே எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். எந்த வீதி, எத்தனையாவது திருப்பம், ஒன்றும் தெரியாது. கட்டிய மார்போடு டவுன் முழுக்க அலைந்தால் மகளுக்கு எப்போது பால் கிடைக்கும்?

திரையில் நிலா வந்தது. தாய்மாமன் தூங்கப் போய்விட்டார். கோட்டுக்காரன் மெதுவாகப் பாடி முடித்து, அவள் மோவாயைப் பிடித்து, முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை.

நான் எழுந்து சுவர் ஓரம் போய், படுதாவைத் தூக்கி, என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் போதும்.

பிறகு எழுந்த சிரிப்பு அந்தப் படம் முழுவதற்கும் எழவில்லை. யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் பெண் குரலில் திருப்பிச் சொன்னார். இன்னொருவரும் சொன்னார். வாத்தியார்கள் வரிசையிலிருந்து ஒரு உருவம் எழுந்து, குனிந்து, வேகமாக வெளியே போனது.

வாசலில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. "பேரைச் சொல்லிட்டியே" என்றார். ஆமாம், சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்வேன் என்றேன். பிள்ளைக்குப் பசி என்று சொல்ல அதற்குப் பிறகுதான் வாய் வந்தது. அவர் நின்று ரவிக்கையைப் பார்த்தார். அதன் பிறகு அவர் நடந்த நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

தெருமுனையிலேயே அழுகை கேட்டது. அழுது அழுது தொண்டை கம்மிப்போன அழுகை. மாமியார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். சேலை முழுக்கத் துப்பிய பால். "ஒரு சொட்டு எறங்கலை ஆத்தா" என்றவர், பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாங்கி உட்கார்ந்தேன். முதலில் பிடிக்கவில்லை, முகத்தை அப்பால் திருப்பினாள். எனக்கு அந்த இருபதாம் நாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிறகு பிடித்துக்கொண்டாள். கடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவர் வாசற்படியில் செருப்போடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார். படத்தில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. திரும்பிப் போகவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் வாத்தியார்கள் கூட்டமாக எங்கள் வீதி வழியாக வந்தார்கள். ஜன்னல் பக்கம் நின்று ஒருவர், நான் கூப்பிட்ட மாதிரியே இழுத்து, அவர் பெயரைக் கூப்பிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமியார் அப்போதுதான் விஷயம் தெரிந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

என் கணவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"பிள்ளை இப்பத்தான் பால் குடிச்சுத் தூங்குது" என்றார். "சத்தம் போடாமப் போங்க."