மலை மேல் பொரித்த சாளை

தலைக்கு முடி வைத்துவிட்டால் ஒரு மனிதரை யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நான் உண்மையாகவே நம்பினேன். வருஷா வருஷம் பணி நீட்டிப்புக்குக் காத்துக் கிடக்கிற கௌரவ விரிவுரையாளன், தன் கல்லூரியையே கிண்டலடித்து நாவல் எழுதுவதென்றால் இப்படி எதையாவது நம்பித்தான் ஆகவேண்டும். எங்கள் துறைத்தலைவருக்கு வழுக்கை. நாவலில் சுருட்டை முடி கொடுத்தேன். தூத்துக்குடிக் கல்லூரியைத் தூக்கி மலை மேல் வைத்தேன்.

எங்கள் துறையில் முனைவர் பட்ட வைவா என்றால், ஆய்வு மாணவர்தான் எல்லோருக்கும் மீன் விருந்து வைக்க வேண்டும். ஆய்வேட்டைப் புரட்டாவிட்டாலும், சாப்பாடு வந்துவிட்டதா என்று தலைவர் வாசலை எட்டி எட்டிப் பார்ப்பார். அதை அப்படியே எழுதினேன். கூடுதல் சிரிப்புக்காக, இருப்பதிலேயே மலிவான சாளையைப் பொரித்து இலையில் வைத்தேன்.

புத்தகம் வந்த வாரமே தலைவர் கூப்பிட்டுவிட்டார். என் நீட்டிப்புக் கோப்பு அவர் மேசையில்தான் கிடந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

“வேலை போச்சுளா.”

“அப்பவே சொன்னேன். ஊருல அவனவன் காதல் கதை எழுதுதான். உங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி?”

மாடிப்படி ஏறுவதற்குள் மன்னிப்பு உரையை மூன்று விதமாகத் தயாரித்தேன். மூன்றிலும் அழுகை இருந்தது.

“உக்காரும்வே, நாவலாசிரியரே” என்றார் தலைவர். “மலை மேல காலேஜு. அங்கன சாளை எங்கன இருந்துவே வந்துச்சு?”

தூக்கிவாரிப் போட்டது. கல்லூரியை மலையேற்றியவன் மீனை இறக்கி வைக்க மறந்திருக்கிறேன்! கடற்கரையில் வளர்ந்தவனுக்கு மீனில்லாத விருந்து கற்பனையிலும் வராது போலிருக்கிறது.

“சார்... அது சும்மா கற்பனை...”

“என்னவே கற்பனை? நம்ம வைவாவுல என்னைக்காவது சாளை போட்டிருக்கோமா? சீலா மீனுக்குக் கொறஞ்சு ஒரு மீன் இலையில விழுந்திருக்கா? பக்கத்து டிபார்ட்மென்ட்காரன் கேக்கான், ‘என்ன அண்ணாச்சி, சாளைக்கு எறங்கிட்டீங்களா’ன்னு. மானம் போவுதுவே!”

வாயைத் திறந்தேன். தயாரித்த உரைகளில் ஒன்றுகூட மீனுக்குப் பொருந்தவில்லை.

“அடுத்த பதிப்புல சீலான்னு மாத்திரும்” என்றபடி கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “ஆமா, மத்த பக்கத்துல எல்லாம் என்ன எழுதியிருக்கீரு?”

“இயற்கை வருணனை, சார்.”

வேலை போகவில்லை. யாரோ அந்தச் சாளைப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். மற்றபடி எங்கள் கல்லூரியில் ஒருவரும் நாவலைப் படிக்கவே இல்லை.