கூசாத பல்

எங்கள் வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். பொம்மனஹள்ளி போர்வெல் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்பார் அப்பா. கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தவரை தனக்குப் பல் என்று ஒன்று இருந்த ஞாபகமே இல்லை என்பார். தண்ணீர் இல்லை, பெங்களூர்க் குளிர் என்பாள் அம்மா. நான் இரண்டையும் நம்பினேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. கத்தரியைத் தேடி எடுத்து நூலை வெட்டுவதற்குள் அடுத்த காலர் வந்து விழும், சூப்பர்வைசரும் வந்து நிற்பான். அதனால் அந்த வரிசையில் எல்லோரும் பல்லால் கடித்துத்தான் நூலை அறுப்பார்கள். வீட்டில் என் பாவாடைக் கிழிசலைத் தைத்தாலும் அத்தைக்கு அதே பழக்கம்தான். முன்பல்லில் டக்கென்று ஒரு சத்தம் வரும், நூல் துண்டாகிவிடும். நானும் செய்து பார்ப்பேன். நூல் நனையுமே தவிர அறாது.

அந்த வருஷம் அத்தைக்குப் பச்சைத்தண்ணீர் ஆகாமல் போயிற்று. ஒரு வாய் குடித்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கொஞ்ச நாளில் சூடான காபியும் ஆகவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா கிராம்பு வைத்தாள். அப்பா சிவப்புப் பல்பொடியை நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கூச்சம் கூடியது. அப்படியென்றால் பொடி வேலை செய்கிறது என்றார் அப்பா.

டாக்டரைப் பற்றி யாரும் நினைக்காமல் இல்லை. ஆனால் ஓசூர் எல்லையில் இருக்கிற அத்திபெலேயிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்திருந்தது. எங்கள் சந்து முழுக்க ஊர்ப்பக்கத்து ஜனங்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அத்திபெலே வரை போய்விடும்.

"இப்பப் போயி பல்லக் காட்டுனா, பொண்ணுக்குப் பல்செட்டுன்னு கட்டிவுட்ருவாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் அவன் பாத்துப்பான்" என்றார் அப்பா.

மாப்பிள்ளை பல் டாக்டரா என்று நான் கேட்டேன். அம்மா என் தலையில் குட்டினாள். பல் அத்தையுடையது, வலியும் அத்தையுடையது, இதில் அத்திபெலேக்காரர்களுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஒற்றை அறை வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்க இடமில்லை. கோயிலில் பார்த்துவிட்டுப் பக்கத்து ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. அம்மாவுக்குப் பகீரென்றது. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கிண்ணத்தை நான் காலி செய்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்தாள். இவ்வளவு நல்ல வேலையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் அதற்கு முந்தின வாரம் ஒரு காலையில் அத்தை குடத்துத் தண்ணீரை மொண்டு வாய்கொப்பளித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மொண்டு மடமடவென்று குடித்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்றாள். அப்பா பல்பொடி என்றார்.

ஐஸ்கிரீம் கடையில் அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு கரண்டிகூட வரவில்லை. மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாதான் பேசினாள். கூச்சப்படாமல் சாப்பிடுகிற பெண் என்று மெச்சினாள். அங்கேயே சம்பந்தம் முடிவானது.

அடுத்த மாதம் அத்தையின் மேலுதடு வீங்கியது. விடிவதற்குள் வீக்கம் மூக்கைத் தாண்டி ஒரு கண்ணை மூடிவிட்டது. காய்ச்சலும் அடித்தது. அதற்கு மேல் அப்பா வரனைப் பற்றி யோசிக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட எப்போதும் தயாராக இருந்த நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். அத்தையின் வாயைத் திறந்து பார்த்ததும், கார்மெண்ட்ஸில் தைக்கிறாயா என்று கேட்டார். பல்லில் அதை எழுதியா வைத்திருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். முன்பல்லின் நுனியில் நூல் போகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதிலிருந்து மேலே ஒரு விரிசல்.

பிறகு குளிர்ந்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். மற்றப் பல்லுக்கெல்லாம் அத்தை துள்ளினாள். அந்தப் பல்லுக்கு மட்டும் அசையவில்லை. அது ஒன்றாவது தேறியதே என்று எனக்கு நிம்மதி. வலி எப்போது நின்றது என்று டாக்டரம்மா கேட்டார். போன மாசமே தானாக நின்றுவிட்டது என்று அப்பா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"நின்னது நல்லதுன்னு நெனச்சீங்களா? கூசற பல்லுக்கு உயிர் இருக்குதம்மா. இது செத்துப்போச்சு, அதான் கூசல."

கூச ஆரம்பித்தபோதே வந்திருந்தால் அந்தப் பள்ளத்தை அடைத்து, மெத்தென்ற பிரஷ்ஷும் ஒரு பேஸ்ட்டும் கொடுத்து அனுப்பியிருப்பாராம். குடித்து முடித்த பிறகும் வலி நிற்கவில்லை என்றால், அல்லது சூட்டுக்கே வலித்தால், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம். இப்போது சீழை எடுத்து, வேரைச் சுத்தம் செய்யப் பல முறை வர வேண்டும். பல் நிற்கும், நிறம் கறுத்துப்போகலாம் என்றார். அத்தை அப்போதுதான் அழுதாள். வலிக்கும்போது அழாதவள், வலிக்காத பல்லுக்கு எதற்கு அழுகிறாள் என்று நான் குழம்பிப்போனேன்.

வீக்கம் வடிந்ததும், யாரிடமும் மூச்சு விடாதே என்றார் அப்பா. மறுநாள் அத்தை கடைக்குப் போவதாக என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போனாள். லேத் பட்டறைக்குப் போன் போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னாள்.

"நான்தாங்க, பொம்மனஹள்ளிப் பொண்ணு. முன்பல்லு ஒண்ணு செத்துப்போச்சுங்க. வைத்தியம் பாத்துட்டு இருக்கேன். கறுத்துப்போவுமாம். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா நல்லா இருக்காது, அதான் சொல்றேன்."

அத்தை ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார் போலிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று பார்த்தால் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

என்ன சொன்னார் என்று வழியெல்லாம் நச்சரித்தேன். வீடு வரும்போதுதான் சொன்னாள்.

"எந்தப் பல்லுன்னு கேட்டாருடி."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு நான் ஓசூர், திருப்பூர், சூரத் என்று எங்கெங்கோ வேலைக்குச் சுற்றியதெல்லாம் அதற்குப் பிறகு. போன் பேசிய அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அத்தனை பெரிய விஷயத்தைச் சொன்னவளிடம் அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதுவும் யாரும் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு ஒரு பெண் சந்தில் அத்தனை பேர் பார்க்க, அழுதுகொண்டே அப்படி நிமிர்ந்து நடந்து வருவாளா? அத்தைக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று போய் அம்மாவிடம் சொன்னேன்.