பெருஞ்சீரகம் ஏறிய கோப்பி

சுவிஸின் லாங்கன்தாலில் கறித்தூள் வறுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மிளகாய் சட்டியில் விழுந்ததும் மாடிக்கு மாடி இருமல் கிளம்பும், கூரையில் புகைமணி அலறும், கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். பவதாரணிக்கு இது இரண்டு தடவை நடந்துவிட்டது. ஆனாலும் கடைத்தூளைக் கறிக்குள் போட அவள் சம்மதிக்கமாட்டாள். அது அவளுக்கு மானப் பிரச்சினை.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமையில உங்கட வேலையிடத்து மெஷின் சும்மாதானே கிடக்குது?" என்று கணவனிடம் ஒருநாள் கேட்டாள்.

கணவன் தவச்செல்வனுக்கு ஊரின் ஓரத்திலிருந்த சின்னக் கோப்பிப் பட்டறையில் வேலை. வருடக்கணக்காக மூட்டை தூக்கினான், பொதி கட்டினான், கோப்பை கழுவினான். முதலாளி ரெகுலாவுக்குத் தோள்வலி. கோடை முடிந்ததும் வறுக்கிற வேலையை அவனிடமே ஒப்படைப்பதாகச் சொல்லி, மாதிரி வறுக்கப் பழக்கி, சாவியையும் கொடுத்திருந்தாள். ஐம்பது கடந்த வயதில், மூட்டை தூக்குகிறவன் என்ற பெயர் போய் வறுக்கிறவன் என்ற பெயர் வரப்போகிறது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் தேருக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான்.

அந்தச் சாவியால்தான் சனிக்கிழமை பட்டறையைத் திறந்தான். மாதிரிக் கொட்டை வறுக்கிற சின்ன மெஷினில் மல்லி போட்டான், பெருஞ்சீரகம் போட்டான், மிளகும் கறிவேப்பிலையும் போட்டான். மிளகாய் போடவில்லை, அந்த மட்டில் புத்தி இருந்தது. முடிந்ததும் உருளையைத் தேய்த்துத் துடைத்து, பழங்கொட்டை கொஞ்சம் வறுத்து எறிந்து, மோந்து பார்த்தான். ஒரு வாசமும் தெரியவில்லை. காலையிலிருந்து தூளுக்குள் நின்ற மூக்கு வேறென்ன சொல்லும்?

திங்கட்கிழமை கொலம்பியாவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. மலைச்சரிவில் துண்டுக் காணி வைத்திருக்கும் எலிசேயோ என்பவனின் கோப்பி. பழத்தின் சதையை நீக்கி, புளிக்கவிட்டு, தண்ணீரில் அலசிக் காயவைத்தது. இப்படிக் கழுவிய கோப்பியில் எதையும் ஒளிக்க முடியாது. நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும். மாதிரி பிடித்துவிட்டால் அவனுடைய அந்த வருட விளைச்சல் முழுவதையும் வாங்குவதாக ரெகுலா இருந்தாள்.

தவச்செல்வன் வறுத்துக் கொடுத்தான். ரெகுலா வெந்நீர் ஊற்றி, கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சினாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"விழுங்கிய பின்னால் ஏதோ ருசி வருகிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் பெருஞ்சீரகத் தேநீர் மாதிரி. நீயும் குடித்துப் பார்."

குடித்த உடனேயே அவனுக்கு விளங்கிவிட்டது. அது அவனுடைய சனிக்கிழமைதான்.

"மெஷினில் ஏதாவது?" என்று கேட்டாள்.

"இல்லை. சுத்தம்."

யோசிக்க முதலே வாய் சொல்லிவிட்டது. ரெகுலா தலையாட்டினாள். "அப்படியானால் கொட்டையில்தான் பிழை. பக்கத்தில் எதையோ காயவைத்திருக்கிறான். பாவம், இந்தக் கதை வெளியே போனால் வேறு யாரும் தொடமாட்டார்கள்." இறக்குமதிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல மாடிக்குப் போனாள்.

தவச்செல்வன் கோப்பைகளைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பேர்ன் நகரில் ஓர் உணவகத்தில் வேலைக்கு நின்றவன் அவன். யாரோ எரித்த சோஸுக்காக அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எரித்தவன் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவேயில்லை. அந்தத் தலையை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

தண்ணீரைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஏறினான்.

ரெகுலா தொலைபேசியைக் காதில் வைத்தபடி, மறுமுனையில் எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.

"சொல்ல வேண்டாம். கொட்டையில் பிழையில்லை. சனிக்கிழமை நான் அந்த மெஷினில் கறித்தூளுக்கு வறுத்தேன்" என்றான்.

அவள் தொலைபேசியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

"சாவியை வை" என்றாள்.

வைத்தான்.

"வறுத்ததற்காக இல்லை. நான் கேட்டபோது சுத்தம் என்றாயே, அதற்காக."

மிச்சக் கொட்டையை வேறொரு பட்டறையில் கொடுத்து வறுப்பித்தாள். தோடம்பழப் புளிப்பும் தேனும் கலந்தது போலிருந்தது, வேறு ஒன்றுமில்லை. விளைச்சல் முழுவதையும் வாங்கினாள். மெஷினில் வறுக்க ஓல்டன் என்ற ஊரிலிருந்து வேறொருவனைப் பிடித்தாள். எலிசேயோவின் மூட்டைகள் வந்து இறங்கிய அன்று, லொறியிலிருந்து அவற்றை முதுகில் சுமந்து உள்ளே அடுக்கியவன் தவச்செல்வன். வருத்தம் இருந்தது. இல்லையென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் பவதாரணி பொறுக்கமுடியாமல் கேட்டாள்: "பேசாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகேன் சொன்னனீங்கள்? ஆரெண்டே தெரியாத ஒருத்தனுக்காக."

"ஓம்" என்றான் தவச்செல்வன். சோற்றைப் பிசைந்தான்.

அவள் எழுந்து அவனுக்கு இன்னொரு கரண்டி கறி போட்டாள். அந்தச் சனிக்கிழமைத் தூளில் வைத்த கறி. அதில் கோப்பி வாசம் துளியும் இல்லை.