ஆட்டுக்காரன் கண்ணும் மகளின் எடையும்

அன்னவாசல் பக்கம் ஆடு வாங்கி விற்கிற எவனைக் கேட்டாலும் என்னைப் பற்றிச் சொல்வான், இவனுக்குத் தராசு வேண்டாம் என்று. கிடாயின் முதுகில் ஒரு தரம் கையை வைத்து அழுத்திவிட்டு, சுற்றி ஒரு பார்வை பார்த்தால் போதும், எடையைச் சொல்லிவிடுவேன். அரைக் கிலோ முன்பின் இருந்தால் அது ஆடு தண்ணீர் குடித்த குற்றம். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, வயிற்றில் இரண்டு பிள்ளைகளைச் சுமந்த என் சொந்த மகள் எடை ஏறுகிறாளா இல்லையா என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பு இருக்கிறதே, அதைச் சந்தையில் சொன்னால் என் தொழிலே போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மகளை அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்தபோது அவள் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாந்தி நின்றது. அவள் மாமியார், அதாவது எங்கள் சம்பந்தியம்மா, அடுப்படியைக் கையில் எடுத்தார். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகளைக் கூட்டிவர நாங்கள் போய் இறங்கினால், கன்னமெல்லாம் மினுமினுவென்று வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வளையல் போட வந்த ஒரு அம்மா சத்தமாகவே சொன்னார்:

"பொறந்த வீட்டுல குச்சியாட்டம் இருந்த புள்ள. மாமியா கைப்பக்குவத்தைப் பாருங்கடி!"

அந்தக் குச்சி என் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது. எலுமிச்சைச் சோற்றை வைத்து விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசல்வரை வந்தார். "கூட்டிட்டுப் போங்கண்ணே. ஏறுன எடை எறங்காம மட்டும் பாத்துக்கங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆட்டு விலையில் ஏமாந்தவன் சந்தையில் ஒரு சிரிப்புச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். இரட்டைக்குட்டி எனக்குப் புதிதா? என் பட்டியில் பாதி ஆடு இரட்டைதான் போடும். சினையாட்டுக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் அகத்திக்கீரையும் வைத்தால், பத்தே நாளில் முதுகெலும்பு கைக்குத் தட்டாது. மகளுக்குப் புண்ணாக்கு வைக்கவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. மற்றபடி பால், நெய், கடலை உருண்டை, ஆட்டுக்கால் சூப் என்று தட்டு காலியாக விடவில்லை.

"மூணு உசுருக்குத் திங்கணும் ஆத்தா. இன்னும் ரெண்டு வாயி."

"அப்பா, நான் என்ன ஒங்க சினையாடா? தட்டைப் பாத்தாலே தெவட்டுது."

புதுக்கோட்டையில் டாக்டரம்மாவிடம் முதல்முறை காட்டப் போனபோது இந்தப் பெருமையை நானே எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு பேருக்குச் சாப்பிட வயித்துல எடம் எங்கங்க இருக்கு? ரெண்டு குழந்தை கீழ இருந்து நெருக்குது. கொஞ்சங் கொஞ்சமா அஞ்சாறு தடவை குடுங்க. முட்டை, பருப்பு, சுண்டல், மீன், கீரை, தயிர். இரும்புச் சத்து மாத்திரையை விட்றக் கூடாது. ஒத்தைக் குழந்தையை விடக் கூடுதலா எடை ஏறணுந்தான். எவ்வளவுங்கிறது அவங்க ஒடம்பைப் பொறுத்தது. நெய்யை ஊத்தி ஏத்துறது எனக்கு வேண்டாம், படிப்படியா ஏறட்டும். திடீர்னு ஏறி மூஞ்சி, கையெல்லாம் வீங்குச்சு, தலைவலி வந்துச்சுன்னா சந்தோசப்படாம அன்னிக்கே தூக்கிட்டு வாங்க."

அதுவரை எடை ஏறாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது ஏறிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்து, எனக்கும் இரட்டை.

அன்றைக்கு எடை நன்றாகவே ஏறியிருந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. டீக்கடையில் சொன்னேன். டீக்கடைக்கு டீ குடிக்க வராதவர்களுக்கும் சொன்னேன். அறந்தாங்கிக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுத் தண்ணியும் சேருதுங்க சம்பந்தியம்மா" என்றேன். சாயங்காலம் மகள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள்.

என் மனைவி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கொஞ்சம்கூட நெடி வரவில்லை. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"தாய்க் கண்ணே பேய்க் கண்ணும்பாங்க. ஒங்களுது ஆட்டைப் பாத்தே எடை போடுற கண்ணு. இனிமே எம்புள்ளைய ஏற எறங்கப் பாத்தீங்க, தெரியும் சேதி!"

அதற்குப் பிறகு எனக்கு வாசல் உத்தியோகம்தான். எடை பார்க்கிற அறைக்குள் பெண்கள் மட்டுமே போக முடியும். ஆட்டோக்களுக்கு நடுவில் நின்றபடி, தாயும் மகளும் வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்பேன்.

"எம்புட்டு?"

"கொஞ்சந்தாங்க."

"கொஞ்சம்னா?"

"ஏறலைன்னே வச்சுக்கங்களேன்."

எதை வைத்துக்கொள்வது? ஒரே ஒரு சுண்டல் கடலைக்கு இரண்டு பிள்ளைகள் உள்ளே மல்லுக்கட்டுவது என் கண்ணில் ஓடும். கண்ணால் பார்த்து எடை போடலாம் என்றால், தாய்க்காரி குறுக்கே வந்து நிற்பாள். மகளும் நான் வந்தால் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

வயிறு தள்ளிய பெண் யாரைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. டவுன் பஸ்ஸில் கொழுகொழுவென்று ஒரு கர்ப்பிணி ஏறினால், அவளைப் பெற்ற அப்பன் யாரோ, நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்துக்கொள்வேன். பட்டியில் ஒரு வெள்ளாடு இரட்டையைச் சுமந்துகொண்டு, அகத்திக்கீரையை வெட்கமே இல்லாமல் தின்று நாளுக்கு நாள் ஊதிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆட்டைப் பார்த்து! இதற்கிடையில் மகள் போதும் என்று ஒதுக்கியதையெல்லாம் வீணாக்கக் கூடாதென்று நானே தின்றதில், வீட்டில் ஒரு ஆளுக்கு எடை ஏறியதை ஊரே பார்த்தது.

கடைசியில் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு அறந்தாங்கிக்குப் போன் போட்டேன்.

"சும்மாதான் கூப்பிட்டேன். அந்த நெத்திலிக் குழம்பு... நீங்க எப்புடி வைப்பீங்க?"

"நானே வச்சுக் குடுத்து விடுறேண்ணே. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்."

என் மகள் வற்றிக்கொண்டிருக்கிறாள், இந்த அம்மா கோயில் குளத்துத் தண்ணீர் மாதிரி சலனமில்லாமல் பேசுகிறதே என்று இன்னும் எரிந்தது. மறுநாள் பஸ்ஸில் தூக்குவாளி வந்து இறங்கியது. மகள் கேட்டு வாங்கி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். நான் எழுந்து பட்டிக்குப் போய் ஆடுகளோடு நின்றேன்.

பிரசவத்துக்கு நாள் குறிக்க எல்லோரையும் வரச்சொன்னார் டாக்டரம்மா. சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். அன்றைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். தீர்ப்புக் கேட்கப் போகிறவன் மாதிரி வேர்த்துப்போய் நின்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்த ரெண்டு மாசமும் எடை ஒரே சீரா ஏறியிருக்கு. வீக்கம் இல்ல. ரெண்டு குழந்தையும் நல்லா வளந்திருக்கு. வீட்டுல யாரு பாத்துக்கிட்டது?"

ஏறியிருக்கிறதா? நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அண்ணன் வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்" என்றார் சம்பந்தியம்மா. அவர் முகத்தில் ஆச்சரியத்தின் சுவடே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மருமக வாரா வாரம் போன்ல சொல்லிருவால்லண்ணே."

அதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, ஒத்திகை. என் வீட்டில் ஏறிய கிலோ, என் முட்டையும் என் சுண்டலும் ஏற்றிய கிலோ, வாரம் தவறாமல் அறந்தாங்கிக்குப் போயிருக்கிறது. பெற்றவனுக்கு மட்டும் 'ஏறலை'.

"ஏன் ஆத்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "ஒங்ககிட்ட சொன்னா டீக்கடை வரைக்கும் போயிரும்ப்பா. அன்னைக்கு வாந்தி எடுத்ததுல இருந்து எனக்கு ரொம்பப் பயம். அத்தைகிட்ட சொன்னா அவங்க வாயைத் தொறக்க மாட்டாங்க."

இரண்டு மாதமும் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் பயந்து செத்தேன் என்று நினைத்திருந்தேன். மகளை மெதுவாக ஆட்டோவில் ஏற்றிவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்கு வந்தேன். எனக்கே அது புது அனுபவம்.

ஆணொன்றும் பெண்ணொன்றுமாகப் பிறந்தன. ஆளுக்கொன்றாக என் மனைவியும் சம்பந்தியம்மாவும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது வெந்நீர் ஃபிளாஸ்க்.

"எடை எம்புட்டாம்?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சுமாராத்தான் இருக்கு" என்றார்கள், ஒரே குரலில்.

துணிக்குள் இரண்டு பிஞ்சு முகங்கள். என் கண் அதன் பாட்டுக்கு எடை போட ஆரம்பித்தது. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, பேரப்புள்ளைக எடை எம்புட்டு?"

"சுமாராத்தாம்ப்பா. சொல்லிக்கிறாப்புல இல்ல" என்றேன். அறந்தாங்கி அம்மாவால்கூட அவ்வளவு அமைதியாகச் சொல்லியிருக்க முடியாது.